கப்பற் கட்டுத்தொழிலில் அரசு முதலீடும் ஊரார் வேலைவாய்ப்பும்

ஓர் அரசு தன் கடற்படைக்கு வேண்டிய கலங்களைப் பிறநாட்டில் விலைக்குக் கொள்வதா, அன்றித் தன் நாட்டிலேயே கட்டுவிப்பதா என்னும் வினா படைத்துறை வல்லுநர்க்கு மாத்திரம் உரியதொன்றன்று. அது பொருளியல் வினாவாகும். தொழிலாளரது அன்றாட வாழ்வைத் தொடும் வினாவுமாகும். பொதுமக்கள் இறுக்கும் வரிப்பணத்திலிருந்து பெருந்தொகையொன்று இத்துறைக்குச் செல்கின்றது. அப்பணம் உள்நாட்டுத் தொழிலாளர் கையிற் கூலியாகச் சேர்கின்றதா, வேற்றுநாட்டுத் தொழிற்சாலைக்கு விலையாகப் போகின்றதா என்பதை அறிந்துகொள்ளும் உரிமை வரியிறுப்போர் அனைவர்க்கும் உண்டு.

‘நம் நாட்டிற் கட்டுவோம், நம்மவர்க்கு வேலை கொடுப்போம்’ என்னும் கூற்றை இன்று பல நாட்டு அரசுகள் விடுத்துவருகின்றன. இக்கூற்று எவ்விடத்து மெய்யாகின்றது, எவ்விடத்துப் பொய்த்துப்போகின்றது, மெய்யாவதற்கு வேண்டும் நிபந்தனைகள் யாவை என்பவற்றை அயல்நாடாகிய இந்தியாவின் அநுபவத்தை முதன்மையாகக் கொண்டு ஆராய்வது பயனுடைத்து. அவ்வாராய்ச்சி இலங்கைக்கும், அதனுள்ளே வன்னிப் பெருநிலத்துக்கும் பொருந்துமாற்றையும் காட்டும்.

பண்டைத் தொழிலும் அதன் தளர்ச்சியும்

நாவாய், வங்கம், கலம், அம்பி, திமில் எனப் பல பெயர்கள் பழந்தமிழ் நூல்களிற் காணப்படுகின்றன. ஒரு பொருளின் வகைகளுக்குத் தனித்தனிப் பெயர் இடுவோர் அப்பொருளோடு நெருங்கிப் பழகியவராயிருத்தல் வேண்டும். கலங்கட்டுதற்கேற்ற மரங்களின் இயல்பையும் அளவுகளையும் கூறும் ‘கப்பல் சாத்திரம்’ என்னும் நூலும் தமிழில் உண்டு. ஏரா வைத்தல், வங்கு பொருத்தல், பலகை தைத்தல், கலப்பற்றுச் செய்தல் என்னும் தொழிற்சொற்கள் ஓடாவியர் வாய்மொழியில் வழிவழியாக வந்தவை.

இத்தொழில் அண்மைக்காலம் வரை உயிரோடிருந்தமைக்கு வல்வெட்டித்துறை சான்றாகும். அங்கு வேம்பு முதலிய நாட்டு மரங்களாற் கட்டப்பட்ட ‘அன்னபூரணி’ என்னும் பாய்க்கப்பலை வில்லியம் இறொபின்சன் என்னும் அமெரிக்கர் வாங்கித் தம் நாட்டுக்குக் கொண்டுசெல்ல விரும்பினார். ‘புளோரன்ஸ் சி. இறொபின்சன்’ எனப் பெயர் மாற்றப்பெற்ற அக்கலம், தமிழ் மாலுமிகளாற் செலுத்தப்பட்டு, 1938 ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மசாசுசெட்ஸ் மாநிலத்துக் குளோஸ்ரர்த் துறைமுகத்தை அடைந்தது.

பம்பாயின் வரலாறும் இவ்வகையில் அறியத்தக்கது. 1736 இல் சூரத்திலிருந்து பம்பாய்க்கு வந்த லவ்ஜி நசர்வான்ஜி வாடியா என்னும் பார்சித் தச்சரின் வழியினர், பிரித்தானியர்க்குத் தேக்கு மரத்தாற் பல போர்க்கப்பல்களைக் கட்டிக்கொடுத்தனர். 1817 இல் ஜம்செட்ஜி பொமன்ஜி வாடியாவின் மேற்பார்வையில் நீரில் இறக்கப்பட்ட போர்க்கப்பல் ஒன்றுக்கு இட்ட பெயர் ‘திருக்கோணமலை’ என்பதன் ஆங்கில வடிவமாகும். இரண்டு நூற்றாண்டு கடந்தும் அக்கப்பல் இங்கிலாந்தின் ஹாட்டில்பூல் நகரிற் காட்சிப்பொருளாகப் பேணப்பட்டு வருகின்றது. தேக்கின் வலிமைக்கும் பம்பாய்த் தச்சரின் கைத்திறனுக்கும் இதனினும் மேலான சான்று வேண்டுவதில்லை.

எனினும் அத்தொழில் நிலைபெறவில்லை. மரம் போய் இரும்பும், பாய் போய் நீராவியும் வந்த காலத்தில், உருக்காலையும் இயந்திரச் சாலையும் இல்லாத நாட்டின் கைத்திறன் பயனற்றதாயிற்று. திறமை மாத்திரம் போதாது. மூலப்பொருளும் முதலும் அரசின் ஆதரவும் ஒருங்கு சேரல் வேண்டும் என்பதே இதனாற் பெறப்படும் முதற்பாடம். 1906 இல் தூத்துக்குடியிற் சுதேசி நாவாய்ச் சங்கத்தை நிறுவிய வ. உ. சிதம்பரம்பிள்ளை, தூத்துக்குடிக்கும் கொழும்புக்குமிடையே ஓட்டுதற்கு வேண்டிய ‘காலியா’, ‘லாவோ’ என்னும் நீராவிக் கப்பல்களைப் பிரான்சு நாட்டிலிருந்தே தருவிக்க நேர்ந்தது. கப்பலோட்டும் துணிவு நாட்டில் இருந்தது. கப்பல் கட்டும் தளம் இருக்கவில்லை.

இந்திய அரசு இட்ட முதல்

இக்குறையைத் தீர்க்க முதற்கண் முயன்றது தனியார் நிறுவனமேயாகும். வால்சந்த் ஹிராசந்தின் சிந்தியா நிறுவனம் 1941 இல் விசாகப்பட்டினத்திற் கப்பற்றளமொன்றுக்கு அடிக்கல் நாட்டியது. அங்குக் கட்டப்பெற்ற ‘ஜல உஷா’ என்னும் வணிகக் கப்பல், 1948 மார்ச்சு 14 ஆந் தேதி பிரதமர் ஜவஹர்லால் நேருவால் நீரில் இறக்கப்பட்டது. ஆயினும் பிறநாட்டு விலையோடு போட்டியிட இயலாது தளம் இடர்ப்பட்டமையால், 1952 இல் அரசு மூன்றிலிரு பங்கை ஏற்று, அதனை ‘இந்துஸ்தான் கப்பற்றளம்’ ஆக்கிற்று. 1961 இல் அது முழுமையாக அரசுடைமையாயிற்று.

கடற்படைக் கலங்களைப் பொறுத்தவரையில் 1960 ஆம் ஆண்டு ஒரு திருப்பமாகும். பம்பாயின் மசகான் தளமும் கல்கத்தாவின் கார்டன் ரீச் தளமும் அவ்வாண்டில் அரசின் கைக்கு வந்தன. கார்டன் ரீச் முதலிற் கட்டியது ‘அஜய்’ என்னும் சிறு காவற்கலமே. மசகான் தளமோ பிரித்தானிய வரைபடத்தைத் துணைக்கொண்டு ‘நீலகிரி’ என்னும் பெரும் போர்க்கலத்தைக் கட்டத் தொடங்கி, 1972 ஜூன் 3 ஆந் தேதி அதனைக் கடற்படையிற் சேர்ப்பித்தது. அதே வகையில் ஆறு கலங்கள் அடுத்தடுத்து எழுந்தன. ஒவ்வொன்றிலும் உள்நாட்டுப் பொருளின் பங்கு கூடிற்று. ஆறாவது கலம் முடிந்தபின் 1983 இல் ‘கோதாவரி’ சேவைக்கு வந்தது. அதன் வரைபடம் இந்தியப் பொறியியலாளரதாகும். பிறர் வரைந்ததைப் பார்த்துக் கட்டிய கைகள், தாமே வரைந்து கட்டும் நிலையை ஏறக்குறைய ஒரு தலைமுறையிற் பெற்றன.

கேரளத்துக் கொச்சியில் 1972 இல் அடிக்கல் நாட்டப்பெற்ற தளத்தின் முதற் கப்பலாகிய ‘ராணி பத்மினி’ 1981 இல் முற்றுப்பெற்றது. அதுவும் வணிகக் கப்பலே. அத்தளமே பின்னர், 262 மீற்றர் நீளமும் 40,000 தொன்னுக்கு மேற்பட்ட எடையும் உடைய ‘விக்கிராந்த்’ என்னும் வானூர்தி தாங்கிக் கப்பலைக் கட்டி முடித்து, 2022 செப்ரெம்பர் 2 ஆந் தேதி கடற்படையிற் சேர்ப்பித்தது. சிறிது கட்டிப் பழகியே பெரிதை எட்டினர் என்பது இம்மூன்று தளங்களின் வரலாற்றிலும் தெளிவாகும்.

முதலீடு வேலையாக மாறும் முறை

கப்பலொன்று எழும் ஒழுங்கினை அறிந்தாலன்றி வேலைவாய்ப்பின் இயல்பு விளங்காது. முதலில் வரைபடம் ஆக்குவோர் பணிசெய்வர். பின்னர் உருக்குத் தகடுகளை வெட்டிப் பெரும் பகுதிகளாக இணைப்பர். அப்பகுதிகள் ஏராவின்மேல் ஒன்றோடொன்று பொருத்தப்படும். கலம் நீரிலிறங்கியதும் குழாய் பொருத்துவோர், மின்கம்பி இழுப்போர், இயந்திரம் நிறுவுவோர், தச்சர், வண்ணம் பூசுவோர் என்போர் உட்புகுவர். இறுதியிற் சோதனை செய்வோர் வருவர். ஆகவே ஒரே கப்பலைக் கட்டும் தளத்தில் ஒரு வகுப்பினர் உழைக்கும்பொழுது மற்றொரு வகுப்பினர் வேலையின்றி இருப்பர்.

இதற்கு உவமை வயலிலேயே உண்டு. ஒரே வயல் இருப்பின் நாற்று நடுவோர்க்குச் சில நாளே வேலை. பல வயல்கள் முன்பின்னாக உழப்படின், ஒரு வயலில் நட்டு முடித்தோர் அடுத்த வயலுக்குச் செல்வர். காலபோகம் முழுவதும் அவர்கள் கை ஓயாது. கப்பற்றளத்திலும் ஒரே வகைக் கலங்கள் பல, சிறிது கால இடையிட்டுத் தொடங்கப்படின், ஒவ்வொரு வகுப்புத் தொழிலாளரும் ஒன்றன்பின் ஒன்றாக அவற்றிற் பணிபுரிவர். அன்றியும், செய்த வேலையை மீளச் செய்யுங்கால் நேரமும் செலவும் குறையும். இரண்டாம் உலகப்போரில் ஐக்கிய அமெரிக்கா ‘லிபேர்ட்டி’ என்னும் ஒரே வகைச் சரக்குக் கப்பல்கள் 2,710 கட்டியது. தொடக்கத்தில் ஒரு கப்பலுக்கு ஏறத்தாழ 230 நாட்கள் சென்றன. பின்னர் சராசரி 42 நாட்களாகக் குறைந்தது. தொடர்ச்சியான பழக்கம் இக்குறைவுக்குப் பெருங்காரணமாயிற்று.

இனி, தளத்துக்கு வெளியே எழும் வேலைகளைக் கருதுதல் வேண்டும். ‘விக்கிராந்த்’ கப்பலிற் பணிசெய்த கொச்சித் தளத்தினர் ஏறக்குறைய 2,000 பேர். துணைத் தொழிற்சாலைகளில் அதனால் வேலை பெற்றோர் ஏறக்குறைய 12,500 பேர் என இந்திய அரசு அறிவித்தது. கடற்கரையில் ஒருவர் உழைக்கும்பொழுது பிறவிடங்களில் ஆறு பேர் உழைக்கின்றனர் என்பது இதன் பொருள். போர்க்கப்பலுக்குரிய தனிவகை உருக்கினைப் பிறநாட்டிலிருந்து பெறுவது அரிதானபோது, இந்திய உருக்கு ஆணையம் அதனை உள்நாட்டிலேயே ஆக்கிற்று. அவ்வுருக்கு வார்க்கப்பட்ட பிலாய், பொக்காரோ, ரூர்கேலா என்னும் நகரங்கள் கடலுக்குத் தொலைவில் உள்ளவை. கடலைக் காணாத ஊரிலும் கப்பல் வேலை நடைபெறக்கூடும் என்பது இதனால் விளங்கும்.

பொருளியலார் ‘பெருக்கி’ என வழங்கும் கருத்தும் ஈண்டு விளக்கத்தக்கது. ஒருவர் பெற்ற 100 ரூபா கூலியில் 60 ரூபா அவ்வூர்ப் பொருள்களுக்கே செலவாகுமாயின், அந்த 60 ரூபா வேறொருவர்க்கு வருமானமாகும். அவர் அதில் 36 ரூபாவை மீண்டும் ஊரிற் செலவிடுவார். இவ்வாறு சுழன்று செல்லுங்கால், முதலில் வந்த 100 ரூபா முடிவில் 250 ரூபா வருமானத்தைத் தோற்றுவிக்கும். ஊரிற் செலவாவது 30 ரூபாவேயாயின் முடிவில் தோன்றும் வருமானம் 143 ரூபா அளவில் நின்றுவிடும். ஆதலின் ஓரிடத்தில் எவ்வளவு பணம் இடப்பட்டது என்பதோடு, அப்பணம் அவ்விடத்தில் எத்துணைக் காலம் தங்கிற்று என்பதும் நோக்கத்தக்கது. வேண்டும் பொருளனைத்தையும் வெளியூரிலிருந்து வாங்கும் பிரதேசத்தில் இட்ட முதல், ஓட்டைக் குடத்தில் வார்த்த நீர்போல் விரைந்து ஒழுகிவிடும்.

இடைவெளியால் விளையும் கேடு

தொடர்ச்சியே இத்தொழிலின் உயிர் எனின், தொடர்ச்சி அற்றவிடத்து நிகழ்வது யாது என்பதற்கும் இந்தியாவே சான்று தருகின்றது. ஜேர்மனிய நிறுவனமொன்றின் துணையுடன் மசகான் தளத்தில் நீர்மூழ்கிக் கப்பல்கள் கட்டப்பட்டன. 1992 இல் ‘சல்கி’யும் 1994 இல் ‘சங்குல்’ என்பதும் சேவைக்கு வந்தன. அக்கொள்வனவைக் குறித்து எழுந்த கையூட்டுக் குற்றச்சாட்டின் காரணமாக மேலும் கட்டும் திட்டம் கைவிடப்பட்டது. நீர்மூழ்கிக்குரிய கனத்த உருக்கை இணைக்கும் நுண்தொழிலை அரிதிற் கற்றோர் பிற வேலைகளுக்குச் சென்றனர். பலர் ஓய்வு பெற்றனர். 2005 இல் பிரெஞ்சு நிறுவனத்தோடு புதிய உடன்படிக்கை செய்யப்பட்டபோது அத்திறமையை மீண்டும் தொடக்கத்திலிருந்தே வளர்க்க வேண்டியதாயிற்று. அவ்வரிசையின் முதற் கலமாகிய ‘கல்வாரி’ 2017 இலேயே சேவைக்கு வந்தது. பெருஞ்செலவிற் பயிற்றிய திறமை, பத்தாண்டு பயிலாது விடப்படின் அழிந்துபோகும்.

கனடா நாட்டிலும் இவ்வாறே நிகழ்ந்தது. அந்நாட்டுக் கடற்படை 1992 முதல் 1996 வரையில் ‘ஹலிபக்ஸ்’ வகைப் போர்க்கலங்கள் 12 ஐச் சேவையிற் சேர்த்தது. அவற்றுட் பெரும்பாலானவற்றைச் செயின்ற் யோன் நகரத் தளம் கட்டிற்று. வேலை முடிந்தபின் அடுத்த கட்டளை வரவில்லை. 2003 இல் அத்தளம் நிரந்தரமாக மூடப்பட்டது. அதனையே நம்பி வீடு வாங்கியோரும் கடை வைத்தோரும் அடைந்த இடர் எளிதில் உணரத்தக்கது. இதனைக் கண்ட கனடா அரசு, பல ஆண்டுகளுக்குரிய கப்பற் கட்டளைகளை முன்கூட்டியே வகுத்துச் சில தளங்களுக்குப் பகிர்ந்தளிக்கும் திட்டத்தை 2010 இல் மேற்கொண்டது. ஒரு கப்பலுக்காகத் தளம் அமைத்து, அக்கப்பல் முடிந்ததும் தொழிலாளரைக் கைவிடும் முதலீடு, வேலைவாய்ப்பை அளிப்பதன்று. வேலையின்மையைச் சில ஆண்டுகள் ஒத்திவைப்பதேயாகும்.

மறுபக்கக் கணக்கு

நன்மையை மாத்திரம் கூறி அமைதல் நடுவுநிலையாகாது. ‘விக்கிராந்த்’ கப்பலுக்கு ஏறக்குறைய 20,000 கோடி இந்திய ரூபா செலவாயிற்று. 2009 இல் ஏரா வைத்த நாள் முதல் 2022 வரையில் 13 ஆண்டுகள் சென்றன. மேற்கூறிய 14,500 பேரும் அக்காலம் முழுவதும் வேலை செய்தனர் என்றே வைத்துக்கொள்ளினும், ஒருவர்க்கு ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ 10 இலட்சம் ரூபா வீதம் செலவாகியிருக்கும். அனைவரும் முழுக்காலமும் பணிசெய்திலராயின் அச்செலவு இன்னும் கூடும். இதில் உருக்கு, இயந்திரம், கருவி என்பவற்றின் விலையும் அடங்கும் என்பது உண்மையே. எனினும், வேலை கொடுப்பது ஒன்றே நோக்கமாயின், இத்தொகையைக் கொண்டு வேறு துறைகளில் இன்னும் பலர்க்கு வேலை கொடுத்திருக்க முடியும் என்பதை மறுத்தற்கியலாது.

மசாசுசெட்ஸ் பல்கலைக்கழகப் பொருளியலாளராகிய இறொபேட் பொலின், ஹைடி கரற்-பெல்ற்றியர் இருவரும் 2011 இல் வெளியிட்ட ஆய்வு இதனை எண்களால் விளக்குகின்றது. ஐக்கிய அமெரிக்காவில் 100 கோடி டொலரைப் படைத்துறையில் இடுமிடத்து ஏறக்குறைய 11,200 பேர்க்கு வேலை கிடைக்கும். அத்தொகையை மருத்துவத்துறையில் இடின் 17,200 பேர்க்கும், கல்வித்துறையில் இடின் 26,700 பேர்க்கும் வேலை கிடைக்கும் என்பது அவர்தம் முடிபு. படைத்துறையில் கருவியின் பங்கு மிகுதி. கல்வியில் ஆளின் பங்கு மிகுதி. ஆதலின் போர்க்கப்பலை வேலைவாய்ப்பின் பொருட்டே கட்டுகின்றோம் என ஓர் அரசு கூறுமாயின், அக்கூற்று ஆராய்ச்சிக்கு நில்லாது. கடற்படைக்கு அக்கலம் உண்மையிலேயே தேவை என்பது முதலில் நிறுவப்படல் வேண்டும். தேவை என முடிவானபின், அதனை எங்குக் கட்டுவது என்னும் வினாவிலேயே வேலைவாய்ப்பு நியாயம் இடம்பெறும்.

உள்நாட்டிற் கட்டும் கலம் சில வேளைகளிற் பிறநாட்டு விலையினும் மிகுதியாகச் செலவு கொள்ளும், காலமும் நீளும். அவ்வதிகச் செலவைக் கல்விக்குச் செலுத்தும் கட்டணம் போலக் கருதலாம். கற்றோன் அக்கல்வியைப் பயன்படுத்தும் வாய்ப்பு உளதாயின் கட்டணம் தகும். இல்லையேல் அது வீண்செலவேயாகும்.

இலங்கையின் நிலை

இலங்கைக் கடற்படை 1950 இல் அரச இலங்கைக் கடற்படை என்னும் பெயரால் முறைப்படி அமைக்கப்பட்டது. அதன் தொடக்ககாலக் கலங்கள் பிறநாடுகளிலிருந்து வந்தனவே. 1974 இல் கொழும்புக் கப்பற்றள நிறுவனம் தோன்றியபின் நிலைமை ஓரளவு மாறிற்று. கப்பல் பழுதுபார்த்தலை முதன்மைத் தொழிலாகக் கொண்ட அந்நிறுவனம், 1980 களின் முற்பகுதியில் ‘ஜயசாகர’, ‘சாகரவர்த்தன’ என்னும் காவற்கலங்களைக் கடற்படைக்குக் கட்டிக்கொடுத்தது. விரைவுத் தாக்குதற் படகுகளும் அங்கு ஆக்கப்பட்டன. 1993 இல் ஜப்பானிய நிறுவனமாகிய ஒனோமிச்சி அதன் பெரும்பங்கை ஏற்றது. 2025 ஜூனில் அப்பெரும்பங்கை வாங்கப்போவதாக அறிவித்த நிறுவனமோ, 1960 இல் இந்திய அரசு ஏற்றுக்கொண்ட அதே மசகான் தளம். ஓர் அரசு அறுபது ஆண்டுகளுக்கு மேலாகத் தொடர்ந்து இட்ட முதல், இன்று அயல்நாட்டுத் தளத்தை வாங்கும் ஆற்றலாகத் திரண்டு நிற்கின்றது.

மற்றொரு நிகழ்ச்சியும் சிந்தித்தற்குரியது. இலங்கைக் கடற்படையின் ‘சயுரால’, ‘சிந்துரால’ என்னும் ஆழ்கடற் காவற்கலங்கள் 2017, 2018 ஆம் ஆண்டுகளிற் சேவைக்கு வந்தன. அவை கட்டப்பட்ட இடம் இந்தியாவின் கோவாத் தளம். பணம் இலங்கையினது, கூலி கோவாவினது. ஆயினும் இதனைக் குறையென்று மாத்திரம் கூறுதல் பொருந்தாது. சிறுநாட்டின் கடற்படைக்குப் பெருங்கலங்கள் சிலவே வேண்டும். அச்சிலவற்றுக்காகத் தனித்தளம் அமைப்பின், செயின்ற் யோன் நகரத்துக்கு நேர்ந்ததே நேரும். சிறுநாடு தன் அளவுக்கேற்ற கலங்களையே தெரிந்துகொள்ளல் வேண்டும். இலங்கையின் அளவுக்கேற்றவை கரையோரக் காவற்படகுகள், மீன்பிடிக் கலங்கள், தீவுப் பயணிகள் படகுகள், பழுதுபார்க்கும் தொழில் என்பனவாம். இவற்றுக்குரிய தேவை ஒருபொழுதும் அறுவதில்லை.

வன்னிப் பெருநிலத்துக்குப் பொருந்துமாறு

முல்லைத்தீவு முதல் கொக்கிளாய் வரை கிழக்கிலும், பூநகரி, நாச்சிக்குடா, இரணைதீவு என மேற்கிலும் வன்னிக்குக் கடலுண்டு. அக்கரைகளில் வாழ்வோர் கடற்படைக் கலத்தைக் காணும் கண் வேறு. தலைநகரில் வாழ்வோர் காணும் கண் வேறு. 2009 இல் முடிந்த போர்க்காலத்தில் இக்கரையின் படகு கட்டும் திறமையும் போருக்கே பயன்பட்டு அழிந்தது. போருக்குப் பின்னரும், கடற்படை முகாமுக்கெனக் கொள்ளப்பட்ட தம் காணிகளை மீளத் தருமாறு வட்டுவாகல் மக்கள் குரலெழுப்பி வந்தனர். இரணைதீவு மக்கள் 2018 இலேயே தம் தீவுக்கு மீண்டனர். கரையில் இறங்கித் தொழில் செய்யும் உரிமையை இழந்தவனுக்கு அதே கரையில் எழும் கப்பற்றளத்தின் கூலி ஈடாகாது. ஆதலின் இப்பிரதேசத்தில் அரசு இடும் எம்முதலீடும், புதிதாக எத்தனை வேலை தந்தது என்பதோடு, முன்பிருந்த எத்தனை வேலையைப் போக்கிற்று என்னும் கழித்தற் கணக்கையும் காட்டுதல் வேண்டும்.

இத்தகைய முயற்சிக்கு வடபுலத்தில் முன்மாதிரி இல்லாமலில்லை. நோர்வே நாட்டு உதவியுடன் 1960 களின் இறுதியிற் காரைநகரில் நிறுவப்பெற்ற சீநோர் தொழிலகம், இழைக்கண்ணாடிப் படகுகளை ஆக்கி மீனவர்க்கு அளித்ததோடு, இளைஞர்க்கு வேலையும் கொடுத்தது. போர் அத்தொழிலகத்தைப் பாழாக்கிற்று. இழைக்கண்ணாடிப் படகு கட்டுதற்குப் பெருந்தளமோ உருக்காலையோ வேண்டா. அச்சும் பயிற்சியும் தரக்கட்டுப்பாடும் போதும். காவற்படகுக்குரிய கைத்திறனும் மீன்பிடிப் படகுக்குரிய கைத்திறனும் பெரும்பாலும் ஒன்றே. எனவே கடற்படையின் சிறு படகுகளுக்கும் மீன்பிடித் திணைக்களத்தின் படகுகளுக்கும் உரிய கட்டளைகள் மாறிமாறி வருமாறு வகுக்கப்படின், ஒன்று குறையுங்கால் மற்றொன்று தொழிலாளரைத் தாங்கும்.

இனி, மல்லாவி போன்ற ஊர்களுக்கு இதனால் வரும் பயன் யாது? வவுனிக்குளத்து நீரை நம்பி நெல் விளைக்கும் அவ்வூர் கடலுக்கு அணித்தானதன்று. ஆயினும் பிலாயும் பொக்காரோவும் கற்பித்த பாடம் இங்கும் பொருந்தும். உழவு இயந்திரத்தைப் பிரித்துப் பூட்டும் பட்டறைகளும், இரும்பு இணைப்போரும், மரவேலை செய்வோரும், மின் இணைப்பாளரும் எவ்வூரிலும் உளர். கலத்துக்கு வேண்டிய கதவும் ஏணியும், எண்ணெய்த் தாங்கியும், இயந்திரம் இருத்தும் சட்டமும் கடற்கரையிலேயே செய்யப்படல் வேண்டும் என்னும் விதியில்லை. பெருந்தளம் தன் சிறு வேலைகளைப் பகிர்ந்தளிக்க இசையுமாயின், உள்நாட்டுப் பட்டறையும் அதிற் பங்குகொள்ளும். அதற்கு வேண்டுவது அளவு பிசகாத வேலை. குறித்த நாளில் முடிக்கும் ஒழுங்கு. செய்ததைச் சோதித்துச் சான்று கொடுக்கும் ஏற்பாடு.

இம்மூன்றும் பயிற்சியால் வருவன. கிளிநொச்சி அறிவியல் நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகப் பொறியியற் பீடமும், 2016 இல் திறக்கப்பெற்ற இலங்கை-ஜேர்மன் தொழிற்பயிற்சி நிறுவனமும் உள. தளம் வந்தபின் ஆள் தேடுவது ஒரு முறை. ஆளைப் பயிற்றிவைத்துத் தளத்தை அழைப்பது மற்றொரு முறை. முந்திய முறையில் வெளியூரார் வந்து வேலை செய்து பணத்தை வெளியூருக்கே அனுப்புவர். முன்னர்க் கூறிய ஓட்டைக் குடம் அதுவேயாகும். பிந்திய முறையிலேயே கூலி ஊரிற் சுழலும். கப்பற் கட்டளை எதுவும் வராதொழியினும், இரும்பு இணைக்கவும் இயந்திரம் பூட்டவும் கற்றவன் வேறிடத்தும் பிழைப்பான் என்பது இம்முறையின் மற்றொரு சிறப்பு.

முடிபுரை

மேற்கூறியவற்றால் நான்கு உண்மைகள் புலனாகும். கலம் தேவையென்பது முதலில் நிறுவப்படல் வேண்டும். வேலைவாய்ப்பு அத்தேவைக்குத் துணைநியாயமேயன்றித் தலைமை நியாயமாகாது. கட்டளைகள் இடையறாது வருதல் வேண்டும். இடையற்றவிடத்துத் திறமையும் வேலையும் ஒருங்கே அழியும். இட்ட பணத்தின் பெரும்பகுதி உள்நாட்டுப் பொருளிலும் உழைப்பிலும் தங்குதல் வேண்டும்; அதற்கு உருக்கு முதல் ஆணி வரை துணைத்தொழில்கள் வளர்தல் வேண்டும். இறுதியாக, தளம் அமையும் ஊரின் மக்கள் தம் நிலத்தையும் கடலையும் இழவாமல் அத்தொழிலிற் பங்குபெறல் வேண்டும்.

புதிய கப்பற்றளமோ துறைமுகமோ அமைக்கப்படும் என்னும் அறிவித்தல் வெளிவரும்பொழுது, அதிற் கூறப்படும் தொகையின் பெருமையைக் கண்டு மயங்குதல் கற்றோர்க்கு அழகன்று. முதற் கலத்தின் பின் அடுத்த கட்டளை யாது, அதன் பொருள்கள் எங்கிருந்து வரும், பயிற்சி யாருக்குக் கொடுக்கப்படும், எவருடைய காணி எடுக்கப்படும் என்னும் வினாக்களை எழுப்புதலே தக்கது. இவற்றுக்குத் தெளிந்த விடை கிடைக்குமாயின் அம்முதலீட்டை வரவேற்கலாம். விடை கிடையாதாயின், அது கிடைக்குமளவும் கேட்டுக்கொண்டிருத்தல் வரியிறுக்கும் குடிமக்களின் கடனாகும்.